ஆம்பல்: மாத்தளைக் குளங்களின் உணவும் அதன் பெயர்ப்பொருளும்

1. செடியின் இயல்பு

ஆம்பல் தேங்கிய நன்னீரில் வேரூன்றி வளரும் பல்லாண்டுச் செடி. கிழங்கு குளத்துச் சேற்றுக்குள் கிடக்கும். இலை நீர்மட்டத்தில் மிதக்கும். பூ நீருக்குச் சற்று மேலே தலைநீட்டி நிற்கும். தமிழில் அல்லி என்றும் சிங்களத்தில் ஒலு என்றும் வழங்குவது இதுவே. தாவரவியலார் இதற்கு நிம்பேயா பியூபெசென்ஸ் என்று பெயரிட்டுள்ளனர். நிம்பேயா என்ற பேரினத்தை 1753 இல் லின்னேயஸ் வகுத்தார். கிரேக்கப் புராணங்களில் வரும் நீர்த்தெய்வப் பெண்களின் பெயரிலிருந்து அது பிறந்தது. பியூபெசென்ஸ் என்பதற்கு ‘மென்மயிர் உடையது’ என்று பொருள். 1799 இல் ஜெர்மானியத் தாவரவியலாளர் வில்டெனோ இட்ட பெயர் அது. இலையைத் திருப்பிப் பார்த்தால் அந்தப் பெயரின் காரணம் விரலுக்கே தெரியும்: மேற்புறம் வழுவழுப்பாகவும் அடிப்புறம் பட்டுப்போன்ற மயிர் படர்ந்தும் இருக்கும்.

ஆம்பலையும் தாமரையையும் ஒன்றாகக் கொள்வோர் பலர். இரண்டையும் பிரித்தறிவது எளிது. தாமரையிலை வட்டமாக, பிளவில்லாமல், நீருக்கு மேலே எழுந்து நிற்கும். நீர்த்துளி அதில் ஒட்டாது. ஆம்பலிலை நீரோடு படிந்து கிடக்கும்; காம்பு சேருமிடம்வரை ஒரு பிளவு ஓடும்; விளிம்பு பல்பல்லாக இருக்கும். தாமரையின் காய் நீருக்கு மேலே நின்று முற்றும். ஆம்பலின் காயோ நீருக்குள் மூழ்கி முற்றும். தாவரவியல் வகைப்பாட்டிலும் இவை வெவ்வேறு குடும்பங்கள். தோற்றத்தில் ஒத்திருந்தாலும் நெருங்கிய உறவினர் அல்ல. தாமரையின் அறிவியற் பேரினப் பெயரான நிலம்போ, சிங்களத்து ‘நெலும்’ என்ற சொல்லிலிருந்து எடுக்கப்பட்டது. 1763 இல் பிரெஞ்சு அறிஞர் அடான்சன் அதனைப் பதிவு செய்தார். இலங்கைக் குளத்தின் சொல் ஒன்று இவ்வாறு உலகத் தாவரவியலுக்குள் நுழைந்தது.

ஆம்பல் இரவுப்பூ. மாலை இருண்டபின் விரிந்து மறுநாள் முற்பகலில் குவியும். அடுத்த சில இரவுகளிலும் இவ்வாறே விரிந்து குவியும். முதல்முறை விரியும்போது சூலகம் மட்டுமே மகரந்தத்தை ஏற்கும் நிலையில் இருக்கும். பூவின் நடுவே சிறு கிண்ணம்போல் ஒரு நீர்மம் தேங்கி நிற்கும். மகரந்தப்பைகள் அதற்குப் பிறகே திறக்கும். தன் மகரந்தம் தன் சூலில் சேராதிருக்க இந்த முறை உதவுகிறது. கருவுற்றபின் பூக்காம்பு வளைந்து காயை நீருக்குள் இழுத்துச் செல்லும். பஞ்சுபோன்ற அந்தக் காய் முற்றியதும் ஒழுங்கின்றி உடையும். உள்ளே மிகச் சிறிய விதைகள் திரளாக இருக்கும். ஒவ்வொரு விதையையும் காற்றடைத்த மெல்லிய உறை சூழ்ந்திருப்பதால் விதை சில காலம் மிதந்து பரவும். உறை அழுகியதும் சேற்றில் அமரும்.

2. மாத்தளை மாவட்டத்தில் ஆம்பல் வளரும் இடம்

மாத்தளை மாவட்டம் இரண்டு நிலங்கள் சேர்ந்த மாவட்டம். தெற்கிலும் தென்கிழக்கிலும் தும்பர மலைத்தொடர் எழுகிறது. மிளகு, கறுவா, சாதிக்காய்த் தோட்டங்களும் தேயிலையும் அந்தப் பக்கத்துக்கு உரியவை. நாலந்தாவைக் கடந்து வடக்கே இறங்கினால் நாவுல, தம்புள்ளை, கலேவெல, சிகிரியா என உலர்வலயம் விரிகிறது. ஆண்டு மழை 1,750 மில்லிமீற்றருக்குக் குறைவான பகுதியையே இலங்கையில் உலர்வலயம் என்பர். அந்த மழையின் பெரும்பகுதி ஒக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில், வடகீழ்ப் பருவக்காற்றோடு வந்துவிடும். மிஞ்சிய மாதங்களுக்குக் குளத்து நீரே துணை. ஆகவே இங்கே குளம் தொட்டவர்கள் வேளாண்மையையும் ஊரையும் சேர்த்தே தொட்டார்கள்.

ஒரு குளத்தின் வடிகால் அடுத்த குளத்தின் வரவாகும்படி சங்கிலித்தொடராக அமைந்த இக்குளங்களை உலக உணவு, வேளாண்மை நிறுவனம் உலக முக்கியத்துவம் வாய்ந்த வேளாண் மரபுகளுள் ஒன்றாக 2017 இல் ஏற்றுக்கொண்டது. கிராமத்துக் குளத்தின் ஒவ்வொரு பகுதிக்கும் சிங்களத்தில் தனிப்பெயர் உண்டு. நீர்வரும் பக்கத்தின் மரவரிசை ‘கஸ்கொம்மன’. வண்டலை வடிக்கும் புல்வெளி ‘பெரஹன’. அணைக்கட்டுக்குக் கீழேயுள்ள மரச்செறிவு ‘கட்டகடுவ’. நீர் ஏறியும் வற்றியும் நிற்கும் ஆழமற்ற மேற்பகுதி ‘தாவுல்ல’. ஆம்பலின் வீடு பெரும்பாலும் இந்த ஆழமற்ற பகுதிதான். ஒளி அடிவரை எட்ட வேண்டும். சேறு மென்மையாக இருக்க வேண்டும். நீர்மட்டம் மெதுவாக மாற வேண்டும். மொறகஹகந்த, போவத்தென்ன போன்ற பெரிய நீர்த்தேக்கங்களில் மட்டம் பல மீற்றர் ஏறியிறங்குவதால் ஆம்பல் அங்கே நிலைகொள்வது அரிது. சிறிய குளங்களும் அவற்றின் ஓரச் சதுப்பும் அதற்கு ஏற்றவை.

நீர் உயர உயரக் காம்பும் நீளும். நீர் வற்றினால் புதிய இலை குட்டையான காம்போடு வரும். ஆவணி, புரட்டாதியில் குளம் வெடித்துக் காய்ந்தாலும் கிழங்கு சேற்றின் அடியில் உயிரோடு கிடக்கும். பருவமழையின் முதல் நீர் தேங்கியதும் தளிர்விடும். இந்த இயல்புதான் ஆம்பலைப் பஞ்சகாலத்து நம்பிக்கையாக்கியது. இலக்கியத்தில் உறுதியின் அடையாளமாக்கியதும் இதுவே.

இப்பகுதியில் மனிதர் குடியிருந்த வரலாறு நீண்டது. தம்புள்ளைக்கு அருகே இப்பன்கட்டுவக் குளத்தை அடுத்துக் கல்லறைப் பேழைகள் கொண்ட ஈமக்காடு ஒன்று அகழப்பட்டுள்ளது; அது கிறிஸ்துவுக்கு முற்பட்ட முதலாம் ஆயிரவாண்டைச் சேர்ந்தது. ஐந்தாம் நூற்றாண்டில் காசியப்ப மன்னன் (477–495) சிகிரியாக் குன்றின் அடியில் நீர்ப்பூங்கா அமைத்தான். குன்றின் சுவரில் தீட்டப்பட்ட பெண்களின் கைகளில் பூக்கள் உள்ளன. தாமரையும் ஆம்பல் இனப் பூக்களும் அவற்றுள் அடங்கும். இன்றும் தம்புள்ளைக் குகைக்கோயிலுக்கு ஏறுவோர் அடிவாரத்தில் வாங்கும் பூத்தட்டில் தாமரையோடு ஒலுவும் நீலநிற மானெலும் இருக்கும்.

3. உணவாகும் பகுதிகள்

ஆம்பலின் மூன்று பகுதிகள் உணவாகின்றன: தண்டு, கிழங்கு, விதை.

தண்டு எனப்படுவது இலைக்காம்பும் பூக்காம்பும். குறுக்கே ஒடித்தால் உள்ளே காற்றுக்குழாய்கள் துளைதுளையாகத் தெரியும். சேற்றில் புதைந்த கிழங்குக்கு மேலிருந்து காற்று இறங்கும் வழி அவை. சமைப்பதற்கு முன் தோலை உரிக்க வேண்டும். நுனியை நகத்தால் கிள்ளி இழுத்தால் தோல் நாடாவாக உரிந்து வரும். உரித்த தண்டை விரல்நீளத்துக்கு ஒடித்து நன்றாகக் கழுவி, வெங்காயம், பச்சைமிளகாய், மஞ்சளோடு தேங்காய்ப்பாலில் கொதிக்கவிட்டால் பால்கறி. கருவாடோ மாசியோ சேர்த்து வதக்கினால் சோற்றுக்கு வேறு கறி வேண்டாம். தண்டு விரைவில் வெந்துவிடும். மிகுதியாக வேகவைத்தால் கரைந்துபோகும். குளக்கரைப் பிள்ளைகளுக்கு இதே தண்டு விளையாட்டுப் பொருள்: ஒருபுறம் ஒடித்துத் தோலோடு இழுத்து, மறுபுறம் ஒடித்து மீண்டும் இழுத்தால் தண்டு இரட்டைச் சரமாகும், அடியில் பூ பதக்கமாகத் தொங்கும்.

கிழங்கு குளம் வற்றும் காலத்து உணவு. சேறு இறுகும்முன் தோண்டியெடுத்து, கழுவி அவித்து உரித்து உண்பர். தாமரைக்கிழங்கு நீண்டு துளையோடு இருக்கும். ஆம்பற்கிழங்கு திரண்டு மாவாக இருக்கும். ஒரே குளத்தில் கிடைக்கும் கொட்டிக்கிழங்கும் இவ்வாறே உண்ணப்படுகிறது. சிங்களத்தில் அது கெகட்டிய.

விதையே ஆம்பலரிசி. சிங்களத்தில் ‘ஒலு ஹால்’. இதை எடுப்பது பொறுமையும் காலமறிதலும் வேண்டும் வேலை. காய் நீருக்குள் உடைந்துவிட்டால் விதை சிதறிப் போய்விடும். பிஞ்சாகப் பறித்தால் மாப்பிடித்திருக்காது. முற்றி உடையுந் தறுவாயில் நீருக்குள் கைவிட்டுத் தடவிப் பறிக்க வேண்டும். பறித்த காய்களைக் குவித்து மூடிவைத்தால் சதை அழுகி நெகிழும். பின்னர் நீரில் பிசைந்து அலசி, விதையைப் பிரித்து, வெயிலில் உலர்த்தி, உரலில் இட்டுக் குற்றி, சுளகில் புடைத்தால் மணி கிடைக்கும். அதைச் சோறாக ஆக்கலாம், கஞ்சி காய்ச்சலாம், தேங்காய்ப்பால் சேர்த்துப் பாற்சோறு ஆக்கலாம், அரைத்து மாவாக்கலாம். உடம்புக்குக் குளிர்ச்சி தரும் என்று நாட்டு வைத்தியம் இதனை மதிக்கிறது. உழவோ விதைப்போ உரமோ இல்லாமல் குளம் தானே தரும் தானியம் இது. நெல் பொய்த்த ஆண்டிலும் சேற்றில் கிழங்கு இருக்கும்வரை இந்த அரிசிக்கு வாய்ப்புண்டு.

மாத்தளைக்கு வெளியிலும் இவ்வழக்கம் பரந்து கிடக்கிறது. வங்காளதேசத்தின் தேசிய மலரான சாப்லா ஆம்பல் இனமே. அங்கே தண்டை இறாலோடு சமைப்பர், விதையைப் பொரியாக்கி உண்பர். நைல் நதியின் வெள்ளநிலத்தில் வளரும் நீராம்பலின் விதையை உலர்த்தி இடித்து எகிப்தியர் அப்பம் சுட்டதை, கிறிஸ்துவுக்கு முன் ஐந்தாம் நூற்றாண்டில் ஹெரோடோட்டஸ் எழுதிவைத்தார்.

4. பெயர்களின் தொகுதி

நீர்ப்பூக்களுக்குத் தமிழில் பெயர் மிகுதி. அவற்றுள் ஆம்பல் இனத்துக்கு உரியவற்றை இரண்டு கூட்டமாகப் பிரிக்கலாம். இரவில் விரிவன ஆம்பல், அல்லி, குமுதம். நிறத்தைச் சேர்த்து வெள்ளாம்பல், செவ்வாம்பல், அரக்காம்பல் என்பர். நீலமும் கருநீலமுமான பூக்கள் நெய்தல், குவளை, நீலோற்பலம். குவளையுள் செந்நிறமானது செங்கழுநீர். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிய 99 பூக்களில் காந்தளை அடுத்து இரண்டாவதாக நிற்பது ஆம்பல்.

சிங்களத்திலும் இதே பிரிவு உண்டு. வெண்மையும் இளஞ்சிவப்புமாக இரவில் விரிவது ஒலு. நீலமாகப் பகலில் விரிவது மானெல். இலக்கியச் சொல்லாக ‘உபுல்’ வழங்குகிறது. அது பாலி மொழியின் ‘உப்பல’, வடமொழியின் ‘உற்பலம்’ ஆகியவற்றோடு ஒரே வேர். இலங்கையின் காவல் தெய்வமாக மகாவம்சம் கூறும் உப்பலவண்ணன், சிங்களத்தில் உபுல்வன், நீலோற்பல நிறத்தவன் என்ற பொருளுடையவன். பிற்காலத்தில் அத்தெய்வம் திருமாலோடு ஒன்றாக எண்ணப்பட்டது. ஒரு பூவின் நிறம் தெய்வத்தின் பெயராகி நின்றது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழகத்திலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கு வந்த தொழிலாளர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே தம்புள்ளையைக் கடந்து மாத்தளைக்கு நடந்து வந்தனர். அவர்கள் கடந்த பாதை நெடுகிலும் குளங்கள். தஞ்சையிலும் திருச்சியிலும் புதுக்கோட்டையிலும் அவர்கள் அல்லி என்று அழைத்த செடி அந்தக் குளங்களிலும் மிதந்தது. அல்லியும் ஒலுவும் இன்று மாத்தளையின் இரு மொழிகளில் ஒரே பூவைச் சுட்டுகின்றன.

அல்லி என்ற சொல்லுக்குப் பூவின் அகவிதழ் என்ற பொருளும் உண்டு. ‘புல்லி’ புறவிதழ், ‘அல்லி’ அகவிதழ். இன்றைய தமிழ்த் தாவரவியல் பாடநூல்கள் புல்லிவட்டம், அல்லிவட்டம் என்று எழுதுவது இந்தப் பழைய வழக்கிலிருந்துதான். குளத்துப் பூவின் பெயரும் எல்லாப் பூக்களுக்கும் பொதுவான உறுப்பின் பெயரும் ஒரே சொல்லாய் அமைந்துள்ளன. ‘அல்’ என்பது இரவு. இரவில் மலர்வதால் அல்லி என்று விளக்குவோரும் உளர்.

5. எண்ணாகிய ஆம்பல்

ஆம்பல் என்ற பெயரின் பொருள்களுள் மிக வியப்பானது, அது ஒரு பேரெண்ணின் பெயர் என்பது. தொல்காப்பியம் எழுத்ததிகாரத்தில் எண்ணுப்பெயர்களின் புணர்ச்சியைச் சொல்லுமிடத்தில், ஐ, அம், பல் என்னும் இறுதிகளை உடைய பேரெண்கள் குறிக்கப்படுகின்றன. உரையாசிரியர்கள் அவற்றைத் தாமரை, வெள்ளம், ஆம்பல் என்று எடுத்துக்காட்டுவர். மூன்றுமே நீரோடு தொடர்புடைய சொற்கள். பரிபாடலின் இரண்டாம் பாடல், திருமாலைப் போற்றுமிடத்து, கழிந்துபோன ஊழிகளின் நீளத்தை அளக்க நெய்தல், குவளை, ஆம்பல், சங்கம், கமலம், வெள்ளம் என்ற எண்களை வரிசையாக வைக்கிறது. ஆறில் நான்கு நீர்ப்பூக்கள்.

பாலி மொழியிலும் இவ்வழக்கம் உள்ளது. பௌத்த நூலான கோகாலிக சுத்தத்தில் நரகங்களின் கால அளவு சொல்லப்படுகிறது. எள் நிறைந்த ஒரு வண்டியிலிருந்து நூறாண்டுக்கு ஓர் எள்ளாக எடுத்து வண்டி காலியாகும் காலத்தினும் முதல் அளவு நீண்டது. அதற்கடுத்த ஒவ்வொன்றும் முந்தையதன் 20 மடங்கு. அந்த வரிசையின் மேற்படிகளில் குமுத, சோகந்திக, உப்பல, புண்டரீக, பதும என்ற பெயர்கள் வருகின்றன. அனைத்தும் ஆம்பல், தாமரை இனப் பெயர்கள். தமிழிலும் பாலியிலும், மனிதர் எண்ணி முடிக்க முடியாத காலத்துக்கே இப்பெயர்கள் இடப்பட்டுள்ளன.

அந்தச் சுத்தம் அடங்கிய பௌத்த மறைநூல் தொகுதியான பாலித் திரிபிடகம் முதன்முதலில் ஏட்டில் எழுதப்பட்ட இடமாக மரபு கூறுவது மாத்தளை நகருக்கு வடக்கே சில கிலோமீற்றர் தொலைவிலுள்ள அலுவிகாரையை. கிறிஸ்துவுக்கு முன் முதலாம் நூற்றாண்டில், வட்டகாமணி அபய என்னும் வலகம்பா மன்னன் காலத்தில் அது நிகழ்ந்தது. அதற்கு முன் கொடிய பஞ்சம் நாட்டை வாட்டியது. பிக்குகள் கிழங்கும் இலையும் உண்டு, மனப்பாடம் மறவாதிருக்க ஓதிக்கொண்டே உயிர் தாங்கியதாகப் பாலி உரைகள் கூறுகின்றன. வாய்மொழியாக வந்த நூல் மனிதரோடு அழிந்துவிடும் என்ற அச்சம் எழுத்துக்கு வழிசெய்தது. இதே மன்னன் நாடிழந்து ஒளிந்திருந்த குகைகளே பின்னர் தம்புள்ளைக் கோயிலாயின என்பதும் மரபு. குமுதமும் உப்பலமும் பேரெண்ணாக நின்ற நூல், கிழங்குண்டு காத்தவர்களின் நினைவிலிருந்து பனையோலைக்கு ஏறியது இந்த மாவட்டத்தில்தான்.

எகிப்திலும் ஓர் ஒற்றுமை காணப்படுகிறது. அங்கு வழங்கிய பழைய பட எழுத்தில் ஆயிரத்தைக் குறிக்கும் குறி, இலையும் தண்டும் கூடிய நீராம்பற் செடி. நைல் கரையிலும் தமிழ்நிலத்திலும் பாலி வழங்கிய நாட்டிலும் நீர்ப்பூ எண்ணானதற்கு ஒரு பொதுக்காரணம் இருக்கலாம். பருவமழைக்குப் பின் குளம் நிறைந்த பூக்கூட்டத்தை எண்ணத் தொடங்குபவர் எங்கோ ஓரிடத்தில் எண்ணிக்கையை விட்டுவிடுவார். ஒரு காயை உடைத்து விதையை எண்ண முயல்பவருக்கும் இதே நிலை. எண்ணிக்கை தோற்ற இடத்துக்கு, தோற்கடித்த பொருளின் பெயரையே வைப்பது இயல்பு.

6. இசை, நிலவு, நிகண்டுப் பொருள்கள்

ஆம்பல் இசைப்பெயருமாகும். சிலப்பதிகாரத்து ஆய்ச்சியர் குரவையில் கொன்றை, ஆம்பல், முல்லை ஆகிய பெயர்களோடு மூன்று குழல்கள் பேசப்படுகின்றன. குறிஞ்சிப்பாட்டிலும் மாலைப்பொழுதைச் சொல்லுமிடத்தில் ஆம்பற்குழல் ஒலிக்கிறது. இது குழலின் பெயரா, அதில் வாசிக்கும் பண்ணின் பெயரா என்பதில் உரையாசிரியர்கள் இருவகையாகப் பொருள் கொண்டனர். ஆம்பலின் தண்டு துளையுடையது என்பதும், பூ விரியும் பொழுது ஆயர் ஆநிரையோடு திரும்பும் மாலை என்பதும் இரு விளக்கங்களுக்கும் இடந்தருகின்றன.

நிலவைக் கண்டு மலர்வதாகக் கொண்டதால் நிலவுக்கு அல்லிக்கேள்வன், குமுதநாதன் என்ற பெயர்கள் உண்டாயின. கதிரவனுக்கும் தாமரைக்கும் சொல்லப்படும் உறவுக்கு இணையாக இது அமைந்தது. நிகண்டுகள் ஆம்பலுக்கு மூங்கில், யானை, கள் என்ற பொருள்களையும் தருகின்றன. குமுதம் என்பது எண்டிசை யானைகளுள் தென்மேற்கைக் காக்கும் யானையின் பெயருமாகும். குவலயம் என்பது நெய்தற்பூ. உலகம் என்றும் பொருள்படும். குவளை இன்று வீடுகளில் நீர் அருந்தும் ஏனம். நெய்தல் கடற்கரைத் திணையின் பெயரானது. சாவீட்டில் முழங்கும் பறைக்கும் அதுவே பெயர் என்பதைப் புறநானூற்றின் 194 ஆம் பாடல் காட்டுகிறது. 1947 இல் சென்னையில் தொடங்கிய ‘குமுதம்’ வார இதழை வாசிப்போர் நாவில் இந்தப் பூவின் பெயர் வாரந்தோறும் புழங்குகிறது.

இப்பொருள்களை அடுக்கிப் பார்த்தால் ஓர் ஒழுங்கு புலப்படும். எண், பண், நிலவு, யானை, உலகம், பறை: ஊர்வாழ்வின் மகிழ்ச்சிக்கும் துயரத்துக்கும் வேண்டிய பெயர்களைக் குளமே தந்திருக்கிறது. நாள்தோறும் குளத்துக்குச் சென்று நீர் மொண்டு, குளித்து, மாடு கழுவி, தண்டு ஒடித்துவந்த மக்களே இந்தப் பெயர்களை வைத்தவர்கள். கண்முன் இல்லாத செடிக்கு இத்தனை பொருள் வளராது.

7. கைம்மையின் உணவும் உறவின் உவமையும்

ஆம்பலை உணவாகக் காட்டும் மிகப் பழைய தமிழ்ச் சான்றுகள் புறநானூற்றில் உள்ளன. ஒக்கூர் மாசாத்தனார் பாடிய 248 ஆம் பாடல் கணவனை இழந்த ஒரு பெண்ணின் கூற்று. இளமையில் சிறிய வெள்ளாம்பல் அவளுக்குத் தழையாடை தந்தது. கணவன் இறந்தபின், உண்ணும் பொழுதும் மாறிப்போய், அதே செடியின் அரிசி அவளுக்கு உணவானது. செடி ஒன்றே, அதைத் தொடும் கை மாறவில்லை, வாழ்வு மாறிவிட்டது. தாயங்கண்ணியார் பாடிய 250 ஆம் பாடலும் கைம்பெண்ணின் உணவாக அல்லியைக் குறிக்கிறது. நெல்லரிசி விலக்கப்பட்டவளுக்கு ஆம்பலரிசி விதிக்கப்பட்டது என்பதில் அக்காலச் சமுதாயத்தின் கடுமை தெரிகிறது. இல்லாதவரும் ஒதுக்கப்பட்டவரும் உயிர்வாழக் குளம் கைகொடுத்தது என்பதும் அதே பாடல்களில் பதிவாகியுள்ளது.

பிற்கால நீதிநூல்கள் இச்செடியின் இயல்பை அறிந்து பயன்படுத்தின. ஔவையாரின் மூதுரை, ஒருவர் கற்ற அளவே அவர் அறிவு என்பதற்கு நீர்மட்டத்தோடு உயரும் ஆம்பலை உவமையாக்குகிறது. நீர்ப்பூவின் காம்பு நீரின் ஆழத்தளவு நீள்வதைத் திருக்குறளும் ஊக்கத்துக்கு உவமையாகக் கொண்டது. மூதுரையின் மற்றொரு பாடல் குளம் வற்றியதும் பறந்துவிடும் பறவைகளையும், அங்கேயே கிடக்கும் கொட்டி, ஆம்பல், நெய்தல் ஆகியவற்றையும் எதிரெதிரே நிறுத்தி, துன்பத்தில் நீங்காதவரே உறவினர் என்று தெளிவிக்கிறது. இலங்கைத் தமிழ்ப் பிள்ளைகள் பள்ளியில் இதைப் படிக்கிறார்கள். அப்பாடலில் வரும் மூன்று செடிகளும் கிழங்குடையவை, மூன்றும் சேற்றுக்குள் உயிர்பிடித்துக் கிடந்து மழையில் தளிர்ப்பவை, மூன்றும் உண்ணத்தக்கவை. உவமையைப் படைத்தவர் வற்றிய குளத்துள் இறங்கிப் பார்த்தவர் என்பதில் ஐயமில்லை.

8. தேசிய மலரும் பெயர்த் திருத்தமும்

பெயரும் செடியும் விலகினால் என்ன நேரும் என்பதற்கு இலங்கையின் தேசிய மலரே சான்று. 1986 பெப்ரவரி 26 ஆம் நாள் நீல மானெல், அதாவது நிம்பேயா நௌச்சாலி, தேசிய மலராக அறிவிக்கப்பட்டது. ஆனால் பாடநூல்களிலும் சுவரொட்டிகளிலும் பலகாலம் அச்சானது ஊதாநிறப் பெரிய பூவுடைய வேறொரு நீராம்பலின் படம். அந்த ஊதாப்பூ பல குளங்களில் பரவி, மக்கள் அதையே நீல மானெல் என்று கொண்டுவிட்டனர். பேராதனைப் பல்கலைக்கழகத் தாவரவியலாளர் இரண்டின் உறுப்புகளையும் அளந்து ஒப்பிட்டு, அவை வேறு வேறு என்று நிறுவினர். 2015 இல் தேசிய மலரின் பெயர் ‘நீல மஹனெல்’ என்று திருத்தப்பட்டது. உண்மையான மஹனெலின் பூ சிறியது; இதழ்கள் வெளிர்நீலமாக, எண்ணிக்கையில் குறைந்திருக்கும்.

குளத்தில் இறங்குவோர் குறைந்த காலத்தில்தான் இத்தகைய மயக்கம் வேரூன்றும். எந்தக் கிழங்கு மாப்பிடிக்கும், எந்தத் தண்டு கசக்கும் என்று தெரிந்து பறிப்பவரிடம் பெயர் மாறாது. படத்தில் மட்டும் பூவைப் பார்ப்பவரிடம் மாறிவிடும்.

9. இன்றைய நிலையும் செய்யத்தக்கதும்

ஆம்பலுக்கு இன்று மூன்று வகை நெருக்கடிகள் உள்ளன. முதலாவது வேற்றுநாட்டுக் களைகள். 1905 இல் அழகுச்செடியாக இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட ஆகாயத்தாமரையும், 1939 இல் வந்த சல்வீனியாவும் நீரின் முகத்தை மூடிவிடுகின்றன. ஒளி கிட்டாத கிழங்கு தளிர்விட்டும் பயனில்லை. இரண்டாவது வண்டலும் வேளாண் இரசாயனமும். மேட்டிலுள்ள மரவரிசையும் புல்வெளியும் அழிந்த குளத்தில் மண் நேரே வந்து படிகிறது. மரக்கறித் தோட்டங்களில் தெளிக்கும் நஞ்சு அதே வழியில் வருகிறது. இத்தகைய குளத்தின் தண்டையும் கிழங்கையும் உண்ண மக்கள் தயங்குவது நியாயமே. மூன்றாவது, குளம் திருத்தும் முறை. இயந்திரம் கொண்டு குளம் முழுவதையும் ஒரே ஆழத்துக்கு வெட்டும்போது ஆழமற்ற ‘தாவுல்ல’ பகுதி இல்லாமற் போகிறது. நீர்க் கொள்ளளவு கூடும், ஆம்பலுக்கு நிற்க இடமிருக்காது.

இவற்றுக்கான மருந்து குளத்தின் பழைய அமைப்பிலேயே இருக்கிறது. தூர்வாரும்போது ஆழமற்ற மேற்பகுதியை விட்டுவைப்பது, நீர்வரும் பக்கத்து மரவரிசையையும் புல்வெளியையும் மீட்பது, களைகளைப் பரவும்முன் அகற்றுவது ஆகியவை கமக்கார அமைப்புகளால் ஆகக்கூடிய வேலைகள். பறிப்பதிலும் அளவு வேண்டும். காய் முழுவதையும் பறித்தால் விதைப்பரவல் நிற்கும். கிழங்கு முழுவதையும் தோண்டினால் அடுத்த பருவம் குளம் வெறிச்சோடும். ஒரு பகுதியைத் தொடாமல் விடுவதே முறை.

செடியோடு பெயரையும் காப்பது அவசியம். மாத்தளை மாவட்டத்தில் சிங்களம், தமிழ் பேசும் மூத்தோரிடம் நீர்த்தாவரங்களின் பெயரும் பயனும் சமையலும் இன்னும் இருக்கின்றன. அவற்றை இரு மொழியிலும் ஊர்வாரியாக எழுதி, செடியின் படத்தோடும் அறிவியற்பெயரோடும் சேர்த்து வைத்தால், பாடநூலில் தவறான பூ அச்சாகும் நிலை மீண்டும் வராது. தம்புள்ளை, கலேவெலப் பள்ளிகளில் ஆம்பலைப் பாடலில் படிக்கும் மாணவரை அருகிலுள்ள குளத்துக்கு அழைத்துச் சென்று இலையின் அடிப்புறத்தைத் தொடச்செய்வதும், உரித்த தண்டைச் சமைத்து உண்ணச்செய்வதும் இலக்கியப் பாடத்துக்கும் அறிவியற் பாடத்துக்கும் ஒருசேரப் பயன்படும். ஆம்பல் எண்ணாகவும் பண்ணாகவும் உறவாகவும் பொருள்பெற்றது, மக்கள் அதை உண்டும் சூடியும் அறிந்திருந்ததால். அந்தப் பழக்கம் நிலைத்திருக்கும்வரை அப்பொருள்கள் அகராதியை விட்டு வெளியே வந்து மக்களின் பேச்சில் வாழும்.